வணிகவியல் மாணவர்களுக்கு நிதிச் சொற்களைக் கற்பிக்க எந்தச் செயலி?

கேள்வி: மும்பை தாராவியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். சிலர் தொடக்க வகுப்புகளை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுப் பிறகு ஆங்கில வழிக்கு மாறியவர்கள். டிப்ரிசியேஷன் (தேய்மானம்), டிவிடெண்ட் (பங்காதாயம்), லயபிலிட்டி (திருப்பித் தர வேண்டிய பொறுப்பு) என்று எதைக் கேட்டாலும் வரையறையை ஒப்பிக்கிறார்கள். அதே சொல் கணக்கில் வந்தால் திணறுகிறார்கள். செல்பேசிச் செயலி ஏதாவது உதவுமா? எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: உதவும். ஆனால் செயலியிடம் எந்த வேலையை ஒப்படைப்பது, எதை உங்கள் கையில் வைத்துக்கொள்வது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லின் பொருளைப் புரியவைப்பது ஆசிரியரின் வேலை. அதற்குக் கரும்பலகை வேண்டும், பிள்ளைகளுக்குப் பழக்கமான பணக் கணக்கு வேண்டும், தமிழில் தயங்காமல் கேள்வி கேட்கும் சுதந்திரம் வேண்டும். அப்படிப் புரிந்த சொல், மூன்று மாதம் கழித்துத் தேர்வு அறையில் தானாக நினைவுக்கு வர வேண்டுமே, அந்த வேலையைச் செயலி உங்களைவிட நன்றாகச் செய்யும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, விளக்கக் காணொளிகள் நிறைந்த செயலி ஒன்றைப் பதிவிறக்கிக் கொடுத்துவிட்டால், இப்போது புத்தகத்திலிருந்து ஒப்பிப்பவர்கள் இனித் திரையிலிருந்து ஒப்பிப்பார்கள்.

என் பரிந்துரை, ஆங்கி என்ற நினைவு அட்டைச் செயலியின் ஆண்ட்ராய்டு வடிவமான ஆங்கிடிராய்ட் (AnkiDroid). ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் இலவசம், விளம்பரம் இல்லை, ஒருமுறை நிறுவிய பிறகு இணையம் இல்லாமலும் இயங்கும். ஐஃபோனுக்கான ஆங்கி செயலிக்குக் கட்டணம் உண்டு. உங்கள் மாணவர்களிடம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான் இருக்கும் என்பதால் அது பெரிய தடையாக இராது. செயலிக் கடையில் தேடும்போது பெயரை முழுமையாகப் பாருங்கள். ஆங்கி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு சந்தா கேட்கும் வேறு செயலிகளும் அங்கே இருக்கின்றன.

இதில் பாடம் என்று எதுவும் இருக்காது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று அட்டைகள் மட்டுமே இருக்கும். மாணவர் கேள்வியைப் பார்த்து மனத்துக்குள் பதில் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பி, தெரிந்ததா இல்லையா என்று தானே மதிப்பிட வேண்டும். தெரியாத அட்டை சில நிமிடங்களில் திரும்பி வரும். நன்றாகத் தெரிந்தது சில நாள், பிறகு சில வாரம் கழித்து வரும். இதன் பின்னால் பழைய ஆராய்ச்சி இருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் தன் நினைவையே சோதித்து, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை உங்கள் வகுப்புக்கு நேரடியாகப் பொருந்தும். படித்து ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூரப் பழகியவர்கள் முந்தினார்கள். உங்கள் மாணவர்கள் வகுப்பில் ஒப்பித்துவிட்டுப் பின்னர் திணறுவதில் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி, அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். பிறர் தயாரித்த ஆங்கில அட்டைத் தொகுப்புகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். பெரும்பாலானவை வெளிநாட்டுப் பாடத்திட்டத்துக்கானவை. அதைவிட முக்கியமாக, வரையறையை வெட்டி ஒட்டியவை. மாணவரே அட்டை எழுத வேண்டும், அதுவும் வரையறை கேட்காத அட்டை.

வங்கிக் குறுஞ்செய்தியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் யாராவது 2,000 ரூபாய் கணக்கில் போட்டால், வங்கி 'கிரெடிட்' என்று செய்தி அனுப்புகிறது. அதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கிரெடிட் என்றால் பணம் வருவது, டெபிட் என்றால் போவது. பதினொன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்ததும், பணம் வந்தால் டெபிட் செய் என்கிறார்கள். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? மராத்தியில் 'நாவே', 'ஜமா' என்றும், தமிழில் பற்று, வரவு என்றும் கேட்டிருந்தால் குழப்பம் இன்னும் ஒரு படி ஏறுகிறது. உண்மையில் இங்கே முரண்பாடே இல்லை. குறுஞ்செய்தியும் பாஸ்புக்கும் வங்கியின் ஏட்டிலிருந்து வருகின்றன. நாம் போட்ட பணம் வங்கிக்குக் கடன், அது நமக்குத் திருப்பித் தர வேண்டியது. ஆகவே தன் ஏட்டில் கிரெடிட் எழுதுகிறது. அதே பணம் நமக்குச் சொத்து. நம் ஏட்டில் டெபிட். இதை வகுப்பில் ஒருமுறை இரண்டு ஏடுகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். பிறகு அட்டை இப்படி இருக்கட்டும்: "உங்கள் கணக்கில் 2,000 ரூபாய் கிரெடிட் என்று வங்கி செய்தி அனுப்பியிருக்கிறது. உங்கள் பேரேட்டில் (கணக்கு ஏட்டில்) வங்கிக் கணக்கின் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? ஏன்?" மறுபக்கத்தில், "டெபிட். வங்கி எனக்குத் தர வேண்டிய பணம், ஆகவே என் சொத்து." இந்த ஓர் அட்டை நிலைத்துவிட்டால் அசெட் (சொத்து), லயபிலிட்டி, டெப்டார் (நமக்குப் பணம் தர வேண்டியவர்), கிரெடிட்டார் (நாம் பணம் தர வேண்டியவர்) நான்கும் இடத்தில் அமரும். அதே ஆண்டில் வரும், நம் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலும் எளிதாகிவிடும்.

அடுத்து ஏலச்சீட்டு. தாராவியில் சீட்டு தெரியாத தமிழ் வீடு அரிது. நிதிச் சொற்களைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடப்பொருள் எனக்குத் தெரியவில்லை. இருபது பேர், மாதம் ஆளுக்கு 5,000, சீட்டுத் தொகை 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏலத்தில் 20,000 ரூபாய் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, சீட்டை எடுக்கிறார். அவர் கையில் 80,000 கிடைக்கும். தள்ளிய 20,000இல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000. இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 750. ஆகவே அந்த மாதம் கட்ட வேண்டியது 4,250 மட்டும். தள்ளிய தொகை டிஸ்கவுண்ட், பிரித்துக்கொண்ட 750 டிவிடெண்ட். 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டத்தில் இந்தச் சொற்களே வந்தன; 2019 திருத்தத்தில் 'டிவிடெண்ட்' என்பதை 'ஷேர் ஆஃப் டிஸ்கவுண்ட்' என்று மாற்றினார்கள். நடத்துபவரின் கமிஷனுக்கு அந்தச் சட்டம் உச்சவரம்பும் வைத்திருக்கிறது. முன்பு 5 சதவீதமாக இருந்ததை 2019இல் 7 சதவீதமாக உயர்த்தினார்கள்.

அம்மா பேசிக் கேட்ட கணக்கு என்பதால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அப்போதே அடுத்த கேள்வியையும் போடுங்கள்: ஒரு நிறுவனம் தரும் டிவிடெண்டும் இதுவும் ஒன்றா? இல்லை. நிறுவனம் தருவது இலாபத்தின் பங்கு. சீட்டில் கிடைப்பது, அவசரத்துக்குப் பணம் எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகையின் பங்கு. வேறுபாட்டைக் கேட்கும் அட்டையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒத்துப்போகும் இடத்தை மட்டும் கற்பித்துவிட்டு விலகும் இடத்தை விட்டுவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் கம்பெனிக் கணக்கு வரும்போது அதுவே தவறான புரிதலாக நிற்கும்.

தேய்மானத்துக்கு இட்லி மாவு அரைக்கும் இயந்திரம் போதும். தாராவியில் அதிகாலையில் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கும் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். விலை 60,000, ஆறு ஆண்டு உழைக்கும், கடைசியில் பழைய இரும்புக்கு 6,000 கிடைக்கும் என்றால், ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்க்கோட்டு முறையில் ஆண்டுக்கு 9,000 தேய்மானம். மீதி மதிப்பில் ஒரு சதவீதத்தைக் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறையில் 15 சதவீதம் போட்டாலும் முதல் ஆண்டு அதே 9,000 வரும். இரண்டாம் ஆண்டுதான் பிரியும்: ஒன்றில் மீண்டும் 9,000, மற்றதில் மீதி மதிப்பான 51,000க்கு 15 சதவீதம், அதாவது 7,650. ஏன் குறைந்தது என்று அட்டை கேட்கட்டும். "இந்த ஆண்டு 9,000 தேய்மானம் எழுதினோம், பெட்டியிலிருந்து பணம் எவ்வளவு வெளியே போனது?" என்ற கேள்வியை எந்த வகுப்பிலும் தவறாமல் கேளுங்கள். எதுவும் போகவில்லை என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு இலாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது புரிந்துவிட்டது. அது புரியாமலேயே பட்டம் வாங்குபவர்கள் உண்டு.

இனி மொழி. தேர்வு ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக அட்டை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் சூழலைத் தமிழிலேயே எழுதட்டும், பதிலாக ஆங்கிலச் சொல் வரட்டும். மகாராஷ்டிர மேல்நிலைத் தேர்வின் புக் கீப்பிங் தாளில், விளக்கத்தைக் கொடுத்து உரிய சொல்லை எழுதச் சொல்லும் வினாக்கள் வருகின்றன. சூழலிலிருந்து சொல்லுக்குப் போகும் இந்தப் பழக்கம் அதற்கு நேரடிப் பயிற்சி. பிறகு அதே அட்டையின் கேள்வியை மாணவரே எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதட்டும். கடைசியாக, ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் எழுதச் சொல்லும் அட்டை. தமிழ்ச் சொற்களுக்கு நீங்களே மொழிபெயர்த்துச் சிரமப்பட வேண்டாம். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் என எல்லாச் சொற்களும் விளக்கத்தோடு கைக்கு வரும். மும்பைப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் தங்கள் குரலைப் பதிவு செய்து அட்டையில் சேர்க்கலாம். ஆங்கிடிராய்டில் அந்த வசதி இருக்கிறது. பாஸ்புக், ரசீது, மின்கட்டணப் பில் இவற்றைப் படம் எடுத்தும் சேர்க்கலாம். பெயர், கணக்கு எண் இருக்கும் இடத்தைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படம் எடுக்கக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அட்டைத் தொகுப்புகளை வகுப்புக்குள் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு வீட்டின் கணக்கு விவரம் ஊருக்குப் போகக் கூடாது.

நடைமுறையில் இரண்டு சங்கடங்கள் வரும். முதலாவது, செல்பேசி வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். அப்பா வேலை முடிந்து வந்த பிறகே பிள்ளையின் கைக்கு வரும். ஆகவே பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும் எந்தத் திட்டமும் நிலைக்காது. ஆங்கி தன் இயல்பான அமைப்பில் நாளொன்றுக்கு இருபது புதிய அட்டைகளைக் காட்டும். அமைப்புகளில் போய் அதை ஐந்தாகக் குறையுங்கள். முதல் வாரம் மிகக் குறைவாகத் தோன்றும். மூன்றாவது வாரத்தில் பழைய அட்டைகளும் சேர்ந்து வரும்போது ஐந்தே சரி என்று தெரியும். செல்பேசியே இல்லாத மாணவர் இருந்தால் வெட்டிய அட்டைத் தாள்களும் சில பெட்டிகளும் போதும். தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தெரியாதது முதல் பெட்டிக்குத் திரும்பும். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பரப்பிய முறை இது. ஆங்கியும் அடிப்படையில் இதையே செய்கிறது. அந்த மாணவர் எந்த விதத்திலும் பின்தங்கமாட்டார்.

இரண்டாவது சங்கடம், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. பதிலைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்ததுதான் என்று பொத்தானை அழுத்திவிடுவார்கள். இதற்கு வாரம் ஒருமுறை இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் செல்பேசியை மற்றவர் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் சொல்பவர் 'ஏன்' என்ற பகுதியையும் சொன்னால்தான் சரி என்று கணக்கு. இந்த அரை மணி நேரத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். செயலி முறை தோற்கும் வகுப்புகளில் பெரும்பாலும் இதுதான் விடுபட்டிருக்கும்.

பிற செயலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். கஹூட் என்ற வினாடி வினாச் செயலி வகுப்பைக் கலகலப்பாக்கும், பிள்ளைகள் விரும்புவார்கள். ஆனால் அது வேகத்துக்குப் புள்ளி கொடுக்கிறது. யோசித்துச் சொல்லும் பிள்ளை அதில் பின்னுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாதக் கடைசியில் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். குவிஸ்லெட்டும் அட்டைச் செயலிதான். நல்ல வசதிகள் பல கட்டணத்துக்குப் பின்னால் இருக்கின்றன. ஜெரோதா நிறுவனத்தின் வார்சிட்டி, எளிய ஆங்கிலத்தில் நன்றாக எழுதப்பட்ட இலவசப் பாடங்களைக் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பில் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு வரும்போது, நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் வாசிக்கக் கற்றுத்தரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அது பங்குத் தரகு நிறுவனம் நடத்துவது என்பதையும், பங்கு வாங்கி விற்பவர்கள் பெருகுவதில் அத்தகைய நிறுவனத்துக்கு வருமானம் இருக்கிறது என்பதையும் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தானே 2022 ஜனவரியில் சாரதி என்ற செயலியை வெளியிட்டது. முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு), மியூச்சுவல் ஃபண்ட், பங்கு வாங்குவது விற்பது, புகார் செய்வது ஆகியவற்றை விற்பனை நோக்கம் இல்லாமல் விளக்குகிறது. சொற்களைச் சரிபார்க்க நம்பகமான இடம்.

பேச்சுவழி செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்கத் தொடங்கியிருப்பார்கள். சூழல் கேள்விகளை விதவிதமாக எழுதித்தர அவை உதவும். தொகை, டெபிட், கிரெடிட் மூன்றையும் பாடநூலோடு ஒப்பிட்டுக் கையால் சரிபார்த்த பிறகே அட்டையில் ஏற வேண்டும் என்று விதி வையுங்கள்.

ஒன்றை மட்டும் திட்டவட்டமாக வேண்டாம் என்பேன்: பங்குச் சந்தை விளையாட்டுச் செயலிகள், பொய்ப் பணத்தில் வர்த்தகம் பழகும் செயலிகள். நடைமுறையில் கற்கிறார்கள் என்று சொல்லி யாராவது பரிந்துரைப்பார்கள். அங்கீகாரம் பெறாத இத்தகைய தளங்களைப் பற்றிச் செபி 2024 நவம்பரில் எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அது வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர ஒப்பந்தங்கள்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்திருந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பங்குச் சந்தை இருக்கும் தலால் தெரு உள்ளூர் ரயிலில் போய்விடும் தூரத்தில் இருக்கும் ஊர் இது; ஆசை காட்டும் விளம்பரங்களும் அதே செல்பேசியில் வருகின்றன. ஆப்ஷன், மார்ஜின் என்ற சொற்களின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்கு அந்தப் பழக்கம் போக வேண்டாம்.

மாறாக, அவர்கள் வீட்டுக்கு நாளையே பயன்படும் சொற்களைப் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் சேர்த்துவிடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன், ஓராண்டு, 12 சதவீதம் 'ஃபிளாட்' வட்டி என்று முகவர் சொல்கிறார். வட்டி 12,000, மாதத் தவணை 9,333 ரூபாய். அதே 12 சதவீதத்தை, குறைந்துவரும் அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் தவணை 8,885. மொத்த வட்டி சுமார் 6,619தான். ஃபிளாட் முறையில் சொன்ன 12 சதவீதம் உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம் ஆகிறது. அசல் மாதாமாதம் குறைந்தபின்னும் முழுத் தொகைக்கும் வட்டி வாங்குகிறார்கள் என்பதே காரணம். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எல்லாச் சில்லறைக் கடனுக்கும், சிறு தொழில் கடனுக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம் (ஏபிஆர்) அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஏபிஆர் என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கையே அட்டையாக எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அடுத்த கடன் பேசும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கி அப்பாவுக்குப் படித்துச் சொல்லப்போவது உங்கள் மாணவர்தான்.

முறை பலிக்கிறதா என்று அறிய, தொடங்கும் முன் இருபது சொற்களுக்கு ஒரு சிறு தேர்வு வையுங்கள். வரையறை கேட்காதீர்கள், "இந்தக் கடைக்கு 50,000 ரூபாய் இலாபம், ஆகவே பெட்டியில் 50,000 ரொக்கம் இருக்கும். சரியா?" என்பதுபோல வாக்கியங்களைக் கொடுத்துத் தவறு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எட்டு வாரம் கழித்து, வாக்கியங்களை மாற்றி அதே சொற்களுக்கு மீண்டும் வையுங்கள். எண்ணிக்கை உயராவிட்டால் செயலியை மாற்ற வேண்டாம், மாணவர்கள் எழுதிய அட்டைகளை வாங்கிப் படியுங்கள். அங்கே வரையறைகள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

வெளித்தேர்வு எழுத ஆசைப்படும் மாணவர்களுக்கு, தேசிய நிதிக் கல்வி மையம் பள்ளி மாணவர்களுக்கென்று நடத்திவந்த நிதி எழுத்தறிவுத் தேர்வு உண்டு; இப்போது நடக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், செபிக்காக அதன் கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வை இணையத்தில் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.